விழவில்லை, குதித்தேன்

நியூசிலாந்தில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண் நொண்டிக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழைந்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே, "ஹேட் எ ஃபால், டியர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். வரவேற்பு மேசையில் இருந்தவள் கேட்டாள், எடை பார்த்தவள் கேட்டாள், நாற்காலியில் எனக்கு இடம்விட்ட கிழவர்கூடக் கேட்டார். ஒவ்வொருவரிடமும் திருத்தம் சொன்னேன். விழவில்லை, குதித்தேன். என் ஆங்கிலம் சிக்கனமானது. பன்னிரண்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கேரட், உருளைக்கிழங்கு, ஹாட், கோல்ட் என்பதற்கு மேல் அங்கே பேச்சு தேவைப்படுவதில்லை. அதனால் நர்ஸிடமும் சுருக்கமாகவே சொன்னேன். "நோ ஃபால். ஐ ஜம்ப்ட்."

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, சரியாகத் தூங்குகிறாயா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசுகிறாயா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். வீட்டில் யாரும் இல்லை, கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது என்று உள்ளதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கிருந்து குதித்தாய் என்று மெல்லக் கேட்டாள். "ஏரோப்ளேன்" என்றேன். கையை விட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்த என் சமையலறைத் தோழி மெரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மெரேதான் என்னைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தவள். முட்டியில் வைக்க அவள் வீட்டிலிருந்து எடுத்துவந்த உறைந்த பட்டாணிப் பொட்டலம் என் மடியில் உருகிக்கொண்டிருந்தது.

ஏன் குதித்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்டார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தது என் அண்ணன். அந்த மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் சமையல் வேலை கிடைத்தது, கூடப் போனேன். அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார், தனியானேன். வந்துவிடு என்றார் அண்ணன். போகவும் இல்லை, இருக்கப்போகிறேன் என்று தீர்மானமாகச் சொல்லவும் இல்லை, இருந்துவிட்டேன். எல்லாம் என் தலைமேல் வந்து விழுந்தவை. நியூசிலாந்தில் நான் இருக்கும் ஊரோரத்துப் புல்வெளியில் சனிக்கிழமைதோறும் வானத்திலிருந்து பாராசூட்டில் ஆட்கள் இறங்குவதைச் சமையலறை ஜன்னலில் பார்த்துப் பார்த்து, ஒருநாள் எனக்கும் ஆசை வந்தது. யாரையும் கேட்காமல் போய்ப் பெயர் கொடுத்தேன். நாற்பத்தெட்டு வயதில் நானாக முடிவு செய்த முதல் காரியம் அது. அதைப் போய் விழுந்தேன் என்று சொன்னால் கோபம் வராதா?

குதித்ததில் ஒரு குறையும் இல்லை, இறங்கினதில்தான் வந்தது வினை. என்னைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தவர் ஒரு பிரேசில்காரர். இறங்கும்போது இரண்டு காலையும் முன்னால் நீட்டித் தூக்கிக்கொள்ள வேண்டும், உட்கார்ந்தபடியே புல்லில் வழுக்கிக்கொண்டு போய் நிற்கலாம் என்று கீழேயே சொல்லித் தந்திருந்தார். தரை நெருங்கியபோது "லெக்ஸ் அப்" என்று கத்தினார். அவர் ஆங்கிலமும் என் காதும் காற்றும் சேர்ந்து அதை "கெட் அப்" என்று ஆக்கிவிட்டன. சொன்ன பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் அல்லவா, எழுந்து நின்றேன். இரண்டு பேருடைய பாரமும் என் வலது முட்டியில் இறங்கியது.

எலும்புக்கு ஒன்றும் இல்லை, உள்பக்கத்து ஜவ்வு லேசாக இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். முட்டிக்கு ஒரு பட்டை மாட்டி, ஹேலி என்ற பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார்கள். ஹேலி முட்டியைத் தொடுவதற்கு முன்பே, "வாட்ஸ் யுவர் கோல்?" என்றாள். நோயாளியிடம் இலக்கு கேட்கிற நாடு. வலி போனால் போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மறுபடி குதிக்க வேண்டும் என்று வந்துவிட்டது. ஹேலி கண்ணைக்கூட இமைக்கவில்லை. அப்படியானால் இரண்டு காலையும் நீட்டித் தூக்கி நிறுத்துகிற பலம் வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றாள். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்து, குதிகாலைத் தரையில் இழுத்து மடக்கு, மல்லாந்து படுத்துக் காலை விறைப்பாகத் தூக்கு. தினமும் செய், அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யாதே என்றாள்.

இந்த நேரம் பார்த்து ஊருக்குப் போக விடுமுறை வந்தது. போனில் அண்ணனிடம் முட்டி வலி என்று மட்டும் சொல்லியிருந்தேன். சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துவிட்டது. தேவராஜ் அண்ணன் காஞ்சிபுரத்தில் சாமியானா, பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். அப்பா தாமல் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர், அண்ணன் சொந்தமாகத் தொழில் வைத்தவர். பயந்த ஆள் இல்லை.

"இன்னாமா ஆச்சி லில்லி?"

"ஒண்ணுமில்லண்ணா. ப்ளேன்லருந்து குதிச்சேன், முட்டி பெசகிக்கிச்சி."

"ஏன், படி வக்கலயா அவனுங்க?"

நான் பதில் சொல்வதற்குள், நாற்காலி தள்ளிவந்த பையன் பக்கம் திரும்பிவிட்டார். "எந்தக் கம்பெனி ப்ளேனுப்பா? இவ்ளோ துட்டு வாங்கிக்கினு ஒரு படி வக்க மாட்டானுங்களா?" காரில் ஏறுமுன் அண்ணிக்கும் போன் போட்டு அதையே சொன்னார். பாராசூட், பிரேசில்காரர், நானே போய்ப் பெயர் கொடுத்தது என்று எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் சுங்குவார்சத்திரம் தாண்டிவிட்டது.

தெருவில் முதல் செய்திதான் நின்றது. விமானத்துக்குப் படி வைக்காமல் லில்லி விழுந்துவிட்டாள். விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் கேஸ் போடச் சொன்னார்கள். படியும் இல்லை, விழவும் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அண்ணனுக்கு அடுத்து நம்பியவள் அண்ணி மட்டும்தான். அவள் ஒரு பட்டுக்கடையில் வெகுகாலமாகப் புடவை எடுத்துப் போடுகிறவள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே எது கலப்பு என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பாராசூட்டைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம் இருந்தது.

"அந்தக் கொடை இன்னா துணி?"

"நைலான் அண்ணி."

"நைலானா?" வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "பட்டா இருந்தாகூட சரின்னுவேன். போயும் போயும் நைலானை நம்பியா குதிச்சே?"

மறுநாள் காலையிலேயே அண்ணன் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டார். வாலாஜாபாத் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் கால் அசையாது, தானாகச் சேர்ந்துவிடும் என்றார். அண்ணா, ஒடிந்தால்தான் அந்தக் கட்டு, இது ஜவ்வு, அசைக்காமல் வைத்தால் விறைத்துப்போகும் என்றேன். நான் வரமாட்டேன் என்றதும் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, பந்தல் சாமான் அறையிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார். "இதுல ஒக்காரு. கீழ ஒக்காராதே, நடக்காதே, படி ஏறாதே." அங்கே அசை அசை என்கிறார்கள், இங்கே அசையாதே என்கிறார்கள். இரண்டு பேருக்கும் என்மேல் அக்கறைதான். முட்டி என்னவோ ஒன்றுதான்.

நான் ஹேலி சொன்னதைத்தான் செய்தேன். ஆனால் நியூசிலாந்தில் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியத்தைக் காஞ்சிபுரத்தில் கூடத்தில் செய்வது வேறு. மனிதர்கள் முன்னால் காலை நீட்டக் கூடாது என்று வளர்த்துவிட்டு, அந்தக் காலை அந்தரத்தில் தூக்கி நிறுத்து என்றால்? யாராவது வந்தால் சுவர்ப்பக்கம் காலைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். வந்தவர்கள் என் தலைமாட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். கால் நடுங்கும், தொடை எரியும், கீழே போடு என்று முட்டி கெஞ்சும். மூச்சை விட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்துவேன்.

"இப்டிலாம் பண்ணிக்கினு எதுக்கு? ஆற வுடேன்" என்றார் அண்ணன்.

"ஆறினா மறுபடி குதிக்கணும்ணா."

"பைத்தியமா ஒனக்கு?"

"நீ மட்டும் கோபுர ஒசரத்துக்குச் சவுக்கு மரத்தைக் கட்டிக்கினு மேல ஏர்றியே."

"அது பொழப்புமா."

"இது ஆசைண்ணா."

எங்கள் வீட்டில் பிழைப்புக்காக யார் வேண்டுமானாலும் எதன்மேலும் ஏறலாம். ஆசைக்காக ஒரு முக்காலியின்மேல் ஏறினவர்கூடக் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் குடும்ப ஜெபம். அண்ணனும் அண்ணியும் முழங்கால் போட்டார்கள், நான் மட்டும் சிவப்பு நாற்காலியில். எங்கள் வீட்டு ஜெபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நேருக்கு நேர் சொல்ல முடியாததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்வது போலப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது எங்கள் வழக்கம். கண் மூடியிருப்பதால் யாரும் குறுக்கே பேச முடியாது. அண்ணன் ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, தூர தேசத்துல இருக்கிற எங்க தங்கச்சிக்கு நல்ல புத்தியைக் குடும். உயரமான எடத்துக்குப் போவாதபடிக்கு அவளைக் காத்துக்கொள்ளும்."

நான் விடவில்லை. "ஆண்டவரே, எங்க அண்ணன் மனசுல இருக்கிற பயத்தை எடுத்துப்போடும். என் முட்டிக்குப் பெலன் குடும். நான் மறுபடி குதிக்கப்போறேன், நீரே சாட்சி."

முறை முடிந்தும் அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். "அவளுக்கு ஒண்ணு ஆனா, தூக்கிக்கினு வர்றதுக்கு அங்க யாரு இருக்கா ஆண்டவரே? மாப்ளைக்கே என்னால போவ முடியல. விசா வரல. ஒரு பிடி மண்ணு போடல நானு." அத்தோடு குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணன் குனிந்து, மூடிய கையை நெற்றியில் முட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்தில் இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது, முட்டி விடவில்லை. சரிண்ணா, குதிக்கல என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் மிச்ச வாழ்க்கையெல்லாம் பிறருடைய நிம்மதிக்காக நாற்காலியில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

"ஆண்டவரே, அங்கயும் எனக்கு மனுசங்க இருக்காங்க" என்றேன். "அவரை அடக்கம் பண்ணப்போ மெரேவும் அவ வூட்டுக்காரங்களும்தான் மண்ணு போட்டாங்க. எங்க அண்ணன் பேரைச் சொல்லியும் ஒரு பிடி போட்டேன். அத்த அவருக்குத் தெரியப்படுத்தும்."

பிறகு அண்ணிதான் முடித்துவைத்தாள். "ஆண்டவரே, இந்த ரெண்டு பேரும் உம்மை நடுவுல நிக்க வச்சிக் கஷ்டப்படுத்துறாங்க, மன்னியும். ஆமென்."

காலையில் நான் காலைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கழுவி, நீளமாக வெட்டிக் கொண்டுவந்தார். "இத்தக் கால்ல மாட்டிக்கினு இழு. வாலிபால் பசங்க இப்டித்தான் பண்ணுவாங்க." பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். குதி என்றும் சொல்லவில்லை, குதிக்காதே என்றும் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, "மின்னாடியே எனக்குச் சொல்லிட்டுப் பண்ணு" என்றார். அவ்வளவுதான்.

நியூசிலாந்துக்குத் திரும்பி வந்து கோடை வரும்வரை விடாமல் செய்தேன். சமையலறையில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு மடக்கி நிமிர்ந்தேன். ஒருநாள் ஹேலி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்த என்னைப் பார்த்து, இது நான் சொல்லித்தந்த பயிற்சி இல்லையே என்றாள். இது பயிற்சி இல்லை, சாப்பாடு என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விமானத்தில் ஏற்றுமுன் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். போதும் போதும் என்று அவர்கள் சொல்லும்வரை நிறுத்திக் காட்டினேன். அண்ணனுக்குப் போன் போட்டு, "போறேண்ணா" என்றேன். "ம்" என்றார். அங்கே இன்னும் பொழுது விடியவில்லை.

இந்த முறை எனக்குக் காது நன்றாகவே கேட்டது. சொல்வதற்கு முன்பே காலை நீட்டித் தூக்கிக்கொண்டேன். உட்கார்ந்தபடியே புல்லில் வழுக்கிக்கொண்டு போய் நின்றோம். வலி இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மெரே என் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தாள். உன் அண்ணன் விடாமல் போன் அடிக்கிறார், என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை, நானும் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்லி என் காதில் வைத்தாள்.

"எறங்கிட்டியா?" என்றார் அண்ணன். நான் விமானத்தில் போய் இறங்கும் ஒவ்வொரு தடவையும் போனில் அவர் கேட்கிற கேள்வி.

"எறங்கிட்டேன்ணா."

"முட்டி?"

"மடங்குது, நீளுது. நல்லாக்குது."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவருக்குப் பின்னால் ஏதோ கோயிலில் ஒலிபெருக்கி போட்டிருந்தார்கள். பால் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. "சரி, வூட்டுக்கு எப்ப வர்றே?" என்று அவர் கேட்டதும், மெரே என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "கமான், லெட்ஸ் கெட் யூ ஹோம்" என்று சொன்னதும் ஒரே நேரத்தில் நடந்தது.

"ம்" என்றேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.