மாறினவர்களுக்குப் போன் எடுக்கிற வேலை

"கட்சி மாறினவன்ரை வீட்டிலை தண்ணி குடிக்கலாம், ஆனா…" என்று தேர்தல் காலங்களில் பெரியப்பா சொல்லுவார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன வரும் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. அமெரிக்க வாக்காளர்களைப் போனில் கூப்பிட்டு, போனமுறை நின்ற பக்கத்தில்தான் இன்னமும் நிற்கிறீர்களா என்று கேட்பது என் தொழில். இரண்டு வருடத்துக்கொருமுறை அதே ஆட்களைத்தான் கூப்பிடுவோம். இங்கே பின்னேரம் நாலு மணி என்றால் அங்கே கிழக்குப் பக்க மாநிலங்களில் காலை பத்து.

அமெரிக்காவில் அக்கா வீட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டு 2009இல் பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குத் திரும்பி வந்தவன் நான். படித்தது தமிழிலும் ஆங்கிலத்திலும், பிரெஞ்சு அரைகுறை. பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் தன் அறையில் பாதியைத் தந்து, இந்த வேலையையும் எடுத்துத் தந்தவன் குகன். அவனோடு நான் கதைத்துப் பதினைந்து வருடமாகிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். போனைக் காதில் வைத்துப் பிழைக்கிறவர்களே, முதலில் நம் தொழிற்கதை.

தலையாட்டிய குற்றம்

வேலைக்குப் போன முதல் கிழமை. ஒஹாயோவில் ஒரு பெண்மணி, குடியேறிகளைப் பற்றிய கேள்விக்கு "ஓரளவு எதிர்ப்பு" என்று தொடங்கினார். நான் நம் பழக்கத்தில் "ம்ம், ம்ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் பேசும்போது சும்மா இருந்தால் மரியாதை இல்லையே! ஒவ்வொரு 'ம்ம்'முக்கும் அவர் குரல் ஒருபடி ஏறியது. முடிவில் "கடும் எதிர்ப்பு" ஆகிவிட்டார். உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தவனே ஒரு குடியேறி என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

எங்கள் செஃப், அதாவது மேலாளர், ஆரோக்கியநாதன் பாண்டிச்சேரிக்காரர்; யாரையும் பிரெஞ்சு மரியாதையில் 'மிஸியே' என்பார். பக்கத்து லைனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பதிலை அழித்துவிட்டு என்னிடம் வந்தார். "நீங்க தலையாட்டுறது போன்லயே கேக்குது, மிஸியே. விட்டா ஒரு மாநிலத்தையே நீங்க மாத்திடுவீங்க போல."

அப்பாவின் வோட்டு

பென்சில்வேனியாவில் ஓய்வுபெற்ற இரும்பாலைத் தொழிலாளி ஒருவர். தாத்தா, அப்பா, அவர் எல்லாரும் ஒரே கட்சி. முதல் இரண்டுமுறையும் நான் கேள்வியை முடிக்கமுன்னரே பதில் சொன்னவர், மூன்றாம்முறை மற்றக் கட்சியைச் சொன்னார். 'ஏன்' என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு வரும் பதிலை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதவேண்டும். வேலை, வரி, விலைவாசி என்று ஏதாவது வரும் என விசைப்பலகையில் கைவைத்துக் காத்திருந்தேன்.

"அப்பா செத்த பிறகும் இரண்டுமுறை அவருடைய வோட்டைத்தான் போட்டேன். இது என்னுடையது. அப்படியே எழுது."

நாலாம் இலக்கம்

ஒன்று என்றால் ஒரு கட்சிக்குக் கடும் ஆதரவு; ஐந்து என்றால் மற்றக் கட்சிக்கு. ஜோர்ஜியாவில் வயதான ஆசிரியை ஒருவர் எப்போதும் "இரண்டு" சொல்கிறவர். ஒருமுறை திடீரென்று, சந்தையில் முருங்கைக்காய்க்குச் சொல்வதுபோல, "நாலு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, புருசன் சமையலறையில் இருக்கிறார், நாற்பது வருடமாகச் சேர்ந்தே இரண்டு போட்டோம், அவருக்குத் தெரியவேண்டாம் என்றார்.

அடுத்தமுறை போனை எடுத்தது புருசன். மனைவி தோட்டத்தில் நிற்கிறாள், கூப்பிடுகிறேன் என்று போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். ஒரு வீட்டில் ஒருவரிடம்தான் கேட்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "எனக்கும் இப்போது நாலுதான். அவளிடம் சொல்லிவிடாதே."

ஒரு றோட்டு

லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற றோட்டில் சிவம் அண்ணையின் தேத்தண்ணிக் கடை. பெயர் ஊர் சொல்லாமல் இந்த நாலாம் இலக்கக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"பேந்து? அங்கை மாறினவையை என்ன செய்வினம்?"

"ஒண்டும் செய்யாயினம் அண்ணை. சிலபேர் கோவிச்சுக்கொண்டு கதையாயினம். கனபேர் ஒரே மேசையிலை இருந்து சாப்பிடினம்."

ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம் இதே கடையில்தான், இனி நாங்கள் வேறு வழிகளையும் யோசிக்கவேணும் என்று குகன் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். கடையில் இருந்தவர்கள் அவனைத் துரோகி என்றார்கள். எழும்பிப் போகும்போது அவன் என்னைப் பார்த்தான். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன். அந்த மாதமே அறையை முழுதாக எனக்கு விட்டுவிட்டுப் புறநகரான லா கூர்னெவுக்குப் போய்விட்டான். அவன் அன்று சொன்னதைத்தான் பல வருடமாக நானும் நினைக்கிறேன். கடையில் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன்: "குகனும் அதைத்தானே அண்ணை செய்தவன்?"

அண்ணையின் சிரிப்பு நின்றது. கோப்பையைத் துடைத்தபடி சொன்னார்: "அமெரிக்காவிலை மாறலாம் தம்பி. அது பெரிய நாடு. இது ஒரு றோட்டு."

ஆறு செக்கன்

கடைசியாகப் பென்சில்வேனியாக்காரரைக் கூப்பிட்டபோது படிவத்தில் ஒரு புதுக் கேள்வி இருந்தது: உங்கள் கருத்து மாறியதால் யாருடனாவது பேச்சு நின்றதா? தம்பியோடு நின்றது என்றார். "ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்குப் போன் எடுக்கிறேன். அவன் எடுக்கமாட்டான். மணி அடிக்கிறது கேட்கும்தானே." பிறகு கேட்டார்: "இத்தனை வருடமாக எங்களைக் கேட்கிறாயே, உனக்கு அப்படி யாரும் இல்லையா?"

சொந்தக் கதை சொல்லக்கூடாது என்பது விதி. அடுத்த கேள்விக்குப் போகவேண்டும். எனக்கோ கேள்வித்தாளில் இருந்த ஒரு வரியும் தெரியவில்லை. அழைப்பு முடிந்ததும் செஃப் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஆறு செகண்ட் சத்தமே இல்ல, மிஸியே. லைன் கட்டாயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

பெரியப்பாவின் மிச்ச வசனத்தைச் சொல்லித்தர இனி ஆளில்லை. கடல் தாண்டி இத்தனை பேரை விசாரித்த நான், இரண்டு ஸ்ரேசன் தள்ளி இருக்கிற ஒருவனிடம் சுகமா என்றுகூடக் கேட்டதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கே போகிறேன் என்பதைச் சிவம் அண்ணையின் கடையில் சொல்லிவிட்டு, கார் து நோரில் ரயிலேறி லா கூர்னெவுக்குப் போய், குகன் வீட்டில் தண்ணி குடிப்பது என்று முடிவெடுத்தேன்.