முழு நாடகமும் எமில்ராஜைப் பற்றித்தான்

"ஆ... ஈ... ஊ..." என்று எமில்ராஜ் தொடங்கினால், குருநகர் இறங்குதுறையில் கட்டிக் கிடக்கும் படகுகளில் குந்தியிருக்கிற காகங்கள் எல்லாம் எழும்பிப் பறக்கும். ஒரு கையை வயிற்றில் வைத்து, மற்றக் கையைக் கடலுக்கு நீட்டி, அக்கரைக்கும் கேட்க வேண்டும் என்பதுபோலக் கத்துவான்.

"தம்பி, ஆரைக் கூப்பிடுறாய்?" என்று வலையில் மீன் கழற்றிக்கொண்டிருப்பவர் கேட்பார்.

"ஒருத்தரையும் இல்லை அண்ணை. குரலைத் திறக்கிறன்."

"திறந்தது காணும். பூட்டு."

எமில்ராஜ் கம்பஸில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறான். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் கத்தரீனா சந்தையில் மீன் விற்கிறாள். ஆள் நெடுவல்; கைகள் பெரிது; குரல் அதைவிடப் பெரிது. தேத்தண்ணீர்க் கடையில் "ஒரு பிளேன்ரீ" என்று சொல்வதற்கு முன்னும் ஒரு கணம் நிறுத்தி மூச்செடுப்பான். பஸ்ஸில் ஒரு கிழவிக்கு இருக்கையை விட்டுக்கொடுத்தபோது அவன் குனிந்த குனிவைப் பார்த்துவிட்டு, அந்த மனுசி கடைசி வரை இருக்காமல் நின்றுகொண்டே போனாள். காது குடைகிற ஒருவரைக் கண்டால் வீடு போய்ச் சேரும் மட்டும் தானும் குடைவான். "அவதானிப்பு" என்பான். "காதுக்குள்ளை என்ன, பூச்சியே?" என்பாள் கத்தரீனா.

நாடகம் படிப்பதென்றால் நடிப்பு மட்டும் இல்லை. மேடையின் பின்னால் நடக்கிற வேலை எல்லாவற்றையும் செய்ய வேண்டும். ஒரு முறை அவனை வெளிச்சத்துக்கு விட்டார்கள். நடிப்பைப் பார்த்து வாய்பிளந்து நின்றதில் விளக்கை அணைக்க மறந்துபோனான். செத்து விழுந்த அரசன் பளிச்சென்ற வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் கிடந்து பார்த்துவிட்டு, தானே எழும்பி நடந்து உள்ளே போனான். அடுத்த முறை பின்னுக்கிருந்து வசனம் எடுத்துக்கொடுக்க விட்டார்கள். சபைக்கு முதலில் எமில்ராஜ் சொன்னது கேட்டது. பிறகுதான் நடிகர் சொன்னது கேட்டது.

நடிப்புச் சோதனையிலும் போன வருடம் கோட்டை விட்டான். அரசனின் காதில் இரகசியம் சொல்கிற ஒற்றனின் வேடம். அவன் சொன்ன இரகசியம் வெளியே சைக்கிள் தரிப்பிடம் வரைக்கும் போனது. இந்த முறையும் தவறினால் பட்டம் தள்ளிப்போகும்.

விரிவுரையாளர் பிரணவன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"எமில், உனக்கு இந்த முறை வசனம் இல்லை."

"மௌனப் பாத்திரமோ சேர்?"

"பிரேதம்."

ஒரு பொழுது முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். பிறகு ஒரேயடியாக வேடத்துக்குள் இறங்கிவிட்டான். "என்ன வருத்தத்திலை செத்தனான் சேர்?" என்று போய்க் கேட்டான்.

"பிரதியிலை அது இல்லை."

"அது தெரியாமல் நான் எப்பிடிச் சாகிறது?"

கடைசியில் மாரடைப்பு என்று இருவரும் உடன்பட்டார்கள். விறாந்தை வாங்கில், மரநிழலில், கிடைத்த இடமெல்லாம் விறைத்துக் கிடந்து பழகினான். காவலாளி ஒருமுறை பதறிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அதற்கும் அவன் அசையவில்லை. அதில் அவனுக்குப் பெரிய பெருமை.

தாயிடம் மட்டும் வேடத்தைச் சொல்லவில்லை. "நான்தான் முக்கியமான ஆள். முழு நாடகமும் என்னைப் பற்றித்தான்" என்று சொல்லிவிட்டான். பொய் என்றும் சொல்ல முடியாது. கத்தரீனா சந்தையிலிருந்து வேளைக்கே வந்து, கோயில் பெருநாளுக்கு உடுக்கிற சேலையை உடுத்து, முன்வரிசையில், அவனோடு கம்பஸில் படிக்கிற எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

திரை விலகியது. செத்தவீடு. நடுவில் கட்டிலில் பிரேதம். சுற்றிவர உறவினர் காணிக்குச் சண்டை பிடிக்கிறார்கள்.

"இவன் இன்னும் வரேல்லையே?" என்று கத்தரீனா என்னைக் கேட்டாள்.

நான் கட்டிலைக் காட்டினேன்.

மனுசி உற்றுப் பார்த்தாள். பவுடர் பூசிய முகம், வாய் திறவாதபடி நாடிக்கட்டு, கழுத்து வரை வெள்ளைத் துணி. துள்ளி எழும்பினாள்.

"எடேய்! கொப்பர் கடலுக்குப் போயிருக்கிறார், நீ இஞ்சை நாடி கட்டிக்கொண்டு கிடக்கிறாயோ? எழும்படா!"

இதுவும் நாடகம்தான் என்று சபை நினைத்தது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். கத்தரீனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டாள். பிரணவன் திரைக்கரையில் தலையில் கைவைத்தபடி நின்றார்.

பிரேதத்தின் மனைவியாக நடித்த தயாளினி கெட்டிக்காரி. ஓடி வந்து கத்தரீனாவைக் கட்டிப்பிடித்து, "மாமி, அவர் இனி எழும்பமாட்டார் மாமி!" என்று அழுதாள்.

கத்தரீனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மாமியோ? நீ ஆர் பிள்ளை? இவன் எப்ப உன்னைக் கட்டினவன்?"

மண்டபம் அதிர்ந்தது. தயாளினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. தூர இருந்தவர்களுக்கு அது அழுகையாகத்தான் தெரிந்திருக்கும்.

கத்தரீனா மகனின் தோளைப் பிடித்து உலுப்பினாள். "என்ரை மாதாவே, விளையாட்டுக்கும் இப்பிடிக் கிடக்கக் கூடாது. எழும்பு ராசா." இப்போது குரலில் கோபம் இல்லை, நடுக்கம்தான் இருந்தது. கடலுக்குப் போன ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியதை அவள் கண்டிருக்கிறாள்.

பிரேதம் ஒரு கண்ணைப் பாதி திறந்தது. கட்டிய வாய்க்குள்ளாலேயே சொன்னது:

"அம்மா, சோதினை நடக்குதணை. இன்னும் அஞ்சு நிமிசம் செத்திருக்க விடணை."

மெதுவாகத்தான் சொன்னான். முன்வரிசை முழுக்கக் கேட்டது.

கத்தரீனா யோசித்தாள். "அஞ்சு நிமிசம்தான்" என்று சொல்லிவிட்டு, கட்டிலின் தலைமாட்டில் காவலுக்கு இருந்துவிட்டாள். காணிச் சண்டை திரும்பவும் தொடங்கியது. ஆனால் உறவினர் எல்லாரும் அவளைப் பார்த்துப் பார்த்து, குரலைத் தாழ்த்தித்தான் சண்டை பிடித்தார்கள். "கெதியா எடுங்கோ, நேரம் போகுது" என்று சொல்ல வேண்டியவன், அவள் பார்த்த பார்வையில் வசனத்தையே விழுங்கிவிட்டான்.

எமில்ராஜ் தேறிவிட்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பரீட்சகர்களில் ஒருவர், "அந்தத் தாய் வேடம் எந்த வருட மாணவி?" என்று பிரணவனைக் கேட்டாராம்.

நாடக முடிவில் கட்டிலைத் தூக்க நால்வர் வந்தார்கள். ஒருவன் வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடப் போனான். கத்தரீனா அவனுடைய கையைத் தட்டிவிட்டாள். பிறகு குனிந்து, சபை முழுதும் பார்த்திருக்க, மகனின் மூக்கடியில் ஒரு விரலை வைத்தாள்.

அந்த விரலில் படும்படி, பிரேதம் நெஞ்சு உயர்ந்து தாழ ஒரு பெரிய மூச்சு விட்டது.