டிபிஐ அண்ணாச்சி

முருகன்குறிச்சியில் என் மருந்துக்கடைக்கு அடுத்த ஸ்டூடியோ சுவிசேஷமுத்துவுடையது. அவரை நாங்கள் டிபிஐ அண்ணாச்சி என்போம். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு. படத்தின் தரமே அந்த எண்தான், முந்நூறுக்குக் குறைந்தால் குப்பை என்பது அவர் கட்சி. எதிரே ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பேச்சிராஜ் ஒப்பமாட்டார். "அது மெஷினுக்குச் சொல்லுத சேதி வே. படத்துல மொத்தம் எத்தன புள்ளி கெடக்குன்னு பாரும்" என்பார். டீ ஆறிப்போகும், இருவரும் விடமாட்டார்கள்.

ஒரு கார்த்திகையில் சீவலப்பேரியிலிருந்து முத்துராணி வந்தாள். லாரி ஓட்டிய கணவன் சுடலைராஜ் விபத்தில் போய்விட்டான். பதினாறாம் நாளுக்கு மாலை போடப் பெரிய படம் வேண்டும். கேமராவைக் கண்டாலே விறைத்துக்கொள்கிற மனுஷன். அவன் சிரித்தபடி இருந்தது அவள் போனில் ஒரே ஒரு படத்தில்தான்.

அண்ணாச்சி போனைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் படத்தைத் திறந்தார். எழுபத்திரண்டு என்று காட்டியது. எதிர்க்கடையிலிருந்து பேச்சிராஜ், "இங்கன அனுப்பும், நான் அடிச்சுக் குடுக்கேன்" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரல் கேட்டிராவிட்டால் அண்ணாச்சியே அடித்துக் கொடுத்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"இதப் பெருசாக்குனா மூஞ்சி பேய் மாதிரி இருக்கும்மா. வேற கொண்டா" என்று போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

விபத்தில் போனவன் வீட்டுக்காரியிடம் பேசுகிற பேச்சா அது? அவள் முகம் வெளுத்துவிட்டது. எதிர்க்கடைப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் பேச்சிராஜ், அண்ணாச்சி எடுத்த கல்யாணப் படம் ஒன்றில் அந்த எண்ணை மட்டும் எழுபத்திரண்டாக்கினார். மாற்றியதையும் மாற்றாததையும் ஒரே அளவில் அடித்து மேசையில் வைத்தார். எது எதுவென்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அந்தப் பிள்ளைய விரட்டிட்டேனே வே" என்றார். போய்ப் படத்தை வாங்கி வருவதாகச் சொன்னார். ஆனால் வெட்கம். இன்று நாளை என்று தள்ளினார். அதற்குள் மார்கழி பிறந்து, ஆற்றில் அந்தப் பெருவெள்ளம் வந்தது.

தண்ணீர் வடிந்தபின் என் பைக்கில் போனோம். வீட்டுச் சுவரில் பாதி உயரத்துக்குச் சேறு. அதற்கு மேலே, ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய சுடலைராஜ் முறைத்துக்கொண்டிருந்தான்.

"போனு வெள்ளத்தோட போச்சு அண்ணாச்சி" என்றாள் முத்துராணி.

"தப்பு எம்மேலதான், மன்னிச்சிரு தாயி."

அவள் கோபப்படவில்லை. இடுப்பிலிருந்த மகளை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்கதான அத அவ்வளவு பெருசா வச்சுப் பாத்திய. அவிய எப்படிச் சிரிச்சாவன்னு இவளுக்குச் சொல்லுங்க. எனக்கே பைய மறந்துட்டு வருது."

 அன்று அண்ணாச்சி அந்த எழுபத்திரண்டைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவே இல்லை.