வார்டு இல்லாத தாதி

எங்கள் அண்ணி மறைந்து ஓராண்டு நிறைகிறது. காலையில் தேவாலயத்தில் திருப்பலி, மதியம் எங்கள் வீட்டில் உணவு என்று உங்களை அழைத்திருக்கிறோம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் முதலில் "அந்த பிலிப்பைன்ஸ் பொண்ணு". பிறகுதான் எங்கள் வீட்டு மருமகள். அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து அறிந்தவர்கள் கிள்ளானில் அதிகம் இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் அவருடைய நாத்தனார். அண்ணியைப் பற்றி நாத்தனார் எழுதுகிறாளா என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

அண்ணி பிறந்தது பிலிப்பைன்ஸ் நாட்டில், பனாய் தீவின் கடலோரச் சிற்றூர் ஒன்றில். தந்தையார் மீனவர். கடலுக்குப் போனவர் ஒரு புயலில் திரும்பி வரவில்லை. தாயார் கருவாடு காயவைத்துச் சந்தையில் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். மூத்த மகளான அண்ணியைத் தாதிமைப் படிப்புக்கு நகரத்துக்கு அனுப்பினார். அந்த நாட்டில் பெண்கள் தாதியாகப் படிப்பது பெரும்பாலும் வெளிநாடு போவதற்குத்தான் என்று அண்ணி சொல்வார். சவுதி, லண்டன், அமெரிக்கா என்று வகுப்பில் சேர்ந்த அன்றே பேச்சு தொடங்கிவிடுமாம். பட்டமளிப்பு நாளில் வெள்ளைத் தொப்பியோடு எடுத்த படத்தைத் தாயார் சந்தையில் தம் கடைக்கு மேலேயே மாட்டிவிட்டார். கருவாடு வாங்க வருகிற எவரும் அந்தப் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்காமல் போக முடியாது.

எண்பதுகளின் இறுதியில் இங்கே மலேசியாவில் நம் பக்கம் தனியார் மருத்துவமனைகள் பெருகின. தாதியர் போதவில்லை. கிள்ளானிலிருந்த ஒரு மருத்துவமனை பிலிப்பைன்சிலிருந்து சிலரை வரவழைத்தது. அப்படி வந்தவர்களில் அண்ணியும் அவர் தோழி மரிசெல்லும் இருந்தார்கள். இருவருக்கும் மலேசியா வழியில் இறங்கி ஏறுகிற ஊர்தான். இரண்டு ஆண்டு இங்கே வார்டு அனுபவம், அதற்குள் அமெரிக்கா போவதற்கான தேர்வு, அதன் பிறகு விமானம். இருவரும் தேர்வை எழுதித் தேறவும் செய்தார்கள்.

தாதியர் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் இடையே வேன் ஓட்டியவர் என் அண்ணன். என் அண்ணன் எவ்வளவு பேசுவார் என்பது உங்களுக்கே தெரியும். "ஆறு மாசம் 'குட் மார்னிங்' மட்டும்தான். ஒரு நாள் நானே கேட்டேன், உங்களுக்கு வேற இங்கிலீஷ் தெரியாதான்னு" என்று அண்ணி பின்னாளில் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அண்ணன் என்ன பதில் சொன்னார் என்பதை இருவருமே கடைசிவரை சொல்லவில்லை.

திருமணப் பேச்சு வந்தபோது எங்கள் அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அதாவது எங்கள் கண்ணெதிரே சாப்பிடவில்லை. "பாஷை தெரியாத பொண்ணு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யார்கிட்ட வாயத் தொறந்து சொல்லுவேன்?" என்று அழுதார். ஆனாலும் தேவாலயத்தில் ஒரு முறை, கோயிலில் ஒரு முறை என்று இரண்டு இடத்திலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்னால் நின்றவரும் அவர்தான்.

இனி எழுதப்போவதை அண்ணனின் அனுமதியோடு எழுதுகிறேன். திருமணம் பதிவான கையோடு அண்ணன் அண்ணியின் பயணக் கடப்பிதழை எடுத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனார். வேலை பாஸிலிருந்து மனைவி பாஸுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். வேலை பாஸ் என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், மனைவி என்று முத்திரை குத்திவிட்டால் யாராலும் அனுப்ப முடியாது என்பது அவர் எண்ணம். யாரையும் விசாரிக்கவில்லை. திரும்பும் வழியில் கேக் வேறு வாங்கி வந்தார். நாங்கள் எல்லாரும் வெட்டிச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை அண்ணி சீருடையில் வேலைக்குப் போனார். தாதியர் தலைவியான மேட்ரன் கடப்பிதழை வாங்கிப் பார்த்திருக்கிறார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? இந்த பாஸ்ல வேலை செய்யக் கூடாது லா. நான் வச்சிக்கிட்டா ஆஸ்பத்திரிக்குப் பிரச்சனை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். காலை பத்து மணிக்கு, அதே சீருடையில், அண்ணி பேருந்தில் வீடு வந்து சேர்ந்தார். பழையபடி மாற்ற அண்ணன் ஏறி இறங்காத படி இல்லை. நிரந்தர வசிப்பிட உரிமை கிடைத்தால் வேலை செய்யலாம், மனுப் போட்டுக் காத்திருங்கள் என்றார்கள். மனுப் போட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஆண்டுகள் போயின, பதில் மட்டும் மாறவில்லை. அண்ணி அண்ணனை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வீட்டில் எல்லாருக்குமே நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டுகளில் அண்ணி எவ்வளவு தனியாக இருந்தார் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. அண்ணன் வேலைக்குப் போய்விடுவார். நான் பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியை, விடிந்ததும் ரயில் ஏறிவிடுவேன். பகல் முழுதும் வீட்டில் அம்மாவும் அண்ணியும்தான். அம்மா திட்டத் திட்ட அண்ணி தமிழ் கற்றுக்கொண்டார். அதனால் முப்பது வயதுகூட ஆகாதவர் வாயில் "அட ராமா", "என்னத்தக் கண்டேன்" என்று கிழவிப் பேச்சாகவே வந்தது. பாசாரில் மீன்காரர் விலை சொன்னதும் நெஞ்சில் கை வைத்து "அட ராமா" என்பார். கழுத்தில் சிலுவை தொங்கும்.

பிறகு மரிசெல்லும் அமெரிக்கா போய்விட்டார். அதன் பிறகு அண்ணியோடு அவர் மொழியில் பேசுவதற்குக் கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். கோழிகளுக்குத் தீனி போட்டபடி அவற்றோடு தம் மொழியில் பேசிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்பார், சற்று நிறுத்துவார், பிறகு சிரிப்பார். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்து, "சும்மா, வாய் மறந்துடும்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாயாரோடு தொலைபேசியில் பேசுவார். தாயார் தம் ஊரில் தொலைபேசி இருந்த ஒரு கடைக்கு வந்து காத்திருப்பார். அந்தப் பேச்சு மட்டும் நீளும். சிரிப்பும் இருக்கும். "அப்படி என்னதான் பேசுறீங்க அண்ணி?" என்று ஒரு முறை கேட்டேன்.

"வார்டு கதை" என்றார்.

"எந்த வார்டு?"

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "எங்க அம்மாக்கு நான் வேலை இல்லாம இருக்கறது தெரியாது மா. சந்தைல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க, என் மக நர்ஸ், மலேசியால பெரிய ஆஸ்பத்திரின்னு. இப்ப நான் போயி கல்யாணம் பண்ணி வேலை போச்சின்னு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "நீங்களும் சொல்லிடாதீங்க" என்றார். பனாய் தீவுக்குத் தொலைபேசி செய்து நான் எந்த மொழியில் சொல்லப் போகிறேன்!

கதைகளுக்குப் பஞ்சம் வரவில்லை. எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, வாய் குழறியது. அந்த வாரமே அமெரிக்காவிலிருந்து மரிசெல் பேசினார். அவர் வேலை செய்யும் மருத்துவமனையில் இடம் இருக்கிறது, தேர்வுச் சான்றிதழ் போதும், உடனே புறப்பட்டு வா என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "நீ போ. நான் அப்புறம் வரேன்" என்றார். தம் தவறுக்கு அதுவே மாற்று என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கட்டிலில் கிடந்த அம்மாவும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குழறிக் குழறி, "போ... நீ போ" என்றார்.

அண்ணி, "போறேன் போறேன். முதல்ல இந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லி அம்மாவைப் புரட்டிப் போட்டு முதுகுக்குப் பவுடர் பூசினார். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

அம்மா அதன் பிறகு நாலைந்து ஆண்டு இருந்தார். ஒரு படுக்கைப் புண் இல்லை. யாரிடம் வாய் திறந்து சொல்வேன் என்று அழுதவர், வாயே திறக்க முடியாத நிலையில் கண்ணால் காட்டியதையெல்லாம் அண்ணி புரிந்துகொண்டார். இது வெளியே தெரிந்து, நம் தாமான் குடியிருப்பில் யாருக்கு என்ன என்றாலும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்கள், ஊசி போட்டுக்கொள்ளப் பயந்தவர்கள், அறுவை முடிந்து வந்து கட்டு மாற்றத் தெரியாதவர்கள். அண்ணி வெந்நீர் வைத்து, கை கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு உட்காருவார். அப்போது முகமே வேறாக இருக்கும். கிளினிக்குக்குப் போக வேண்டியவர்களை அதட்டி அனுப்பிவைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தாயாருக்குப் போனதெல்லாம் இந்தக் கதைகள்தான். கட்டில் எண் மட்டும் அண்ணி போட்டுக்கொண்டது. எங்கள் அம்மா மூன்றாம் எண் கட்டில், கோபக்காரி, ஆனால் தைரியசாலி. மளிகைக்கடை அண்ணாச்சி ஐந்தாம் எண், சொன்ன பேச்சைக் கேட்காமல் இனிப்புத் தின்கிறவர். அங்கே தாயார் ஒவ்வொருவருக்காகவும் பிரார்த்தனை செய்தாராம். அம்மா இறந்த வாரம், மூன்றாம் எண் போய்விட்டார் என்று அண்ணி தொலைபேசியில் அழுதார். தாயார் தம் ஊர்த் தேவாலயத்தில் எங்கள் அம்மாவுக்கு ஒரு பூசை வைத்தார். அம்மாவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

துக்கம் ஓய்ந்த பிறகு மரிசெல் மறுபடியும் முயன்றார். இப்போது அங்கே வேறு கேள்வி கேட்டார்கள். கடைசியாக எந்த வார்டில் வேலை செய்தீர்கள், எப்போது? அண்மைக்கால அனுபவம் இல்லாதவரை எடுக்க மாட்டார்களாம். தொலைபேசியை வைத்துவிட்டு அண்ணி என்னிடம், "உங்க அம்மா ரூம சொல்ல முடியுமா?" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவரும் பாதியில் நிறுத்திவிட்டார்.

சென்ற ஆண்டு மார்பில் கட்டி இருப்பதை அவரே கண்டுபிடித்தார். என்ன என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் மருத்துவரின் வாயிலிருந்து கேட்ட எதுவும் அவருக்குப் புதிதாக இல்லை. அரசு மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில், தாதியர் வருவதற்குள் தம் படுக்கை விரிப்பைத் தாமே சரிசெய்துவிடுவார். அவர்கள் திட்டுவார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் கையில் ஏறும் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது என்று அவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார். அதற்கும் திட்டு வாங்குவார். கடைசி வாரத்தில் தமிழும் ஆங்கிலமும் நழுவிவிட்டன. தம் மொழியில் மட்டுமே பேசினார். நாங்கள் இத்தனை பேர் சுற்றி நின்றோம். அவர் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன கேட்டார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று சொன்னார். அப்படியே அண்ணி போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி நாட்களில் பொறுமையோடு பார்த்துக்கொண்ட தாதியருக்கும், நல்லடக்கத்தை முன்னின்று நடத்திய தேவாலயப் பங்கு மக்களுக்கும், சமைத்து அனுப்பிய அண்டை வீட்டார்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் மேலாக மரிசெல்லுக்கு. அடக்கத்துக்கு வர அண்ணியின் தாயாரிடம் கடப்பிதழ் இல்லை. இந்த முறை மரிசெல் விடுப்பு எடுத்து, பனாய் போய், அவரைக் கையோடு அழைத்து வந்திருக்கிறார்.

இதை எழுதும்போது தாயார் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். சின்ன உருவம், நன்றாக நரைத்த தலை. வந்த நாளிலிருந்து வாசலில் யார் வந்தாலும் எழுந்து போய், தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் ஒரே கேள்வியைக் கேட்கிறார். "யூ... மை டாட்டர்ஸ் பேஷண்ட்?" நேற்று வந்த தபால்காரர் விழித்துக்கொண்டு "நோ" என்றுவிட்டார். தாயார் முகம் வாடிப்போய் உள்ளே வந்தார். மகள் பார்த்துக்கொண்ட ஒருவரையாவது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று மரிசெல்லிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த மலர் தமிழில் இருப்பதால் இதில் உள்ளது எதுவும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அந்தத் துணிவில்தான் எல்லாவற்றையும் எழுதினேன். மதியம் உணவின்போது அவர் உங்கள் ஒவ்வொருவரிடமும் வருவார். கேட்பார். தயவுசெய்து ஆமாம் என்று சொல்லுங்கள். பொய் சொல்லத் தூண்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். காலை நீட்டிக்கொண்டு எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

குடும்பத்தார் சார்பில்,
நாத்தனார்
கிள்ளான்