மிஸ் நோயல் மறந்த குட்மார்னிங்

கரீபியன் தீவான க்ரெனடாவின் வடக்கு மலை ஊர்களில் வெர்லின் நோயலைத் தெரியாதவர் கிடையாது. கல்வித் துறையில் வருகை அலுவலர். பள்ளி நேரத்தில் வெளியே திரியும் பிள்ளை கண்ணில் பட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வகுப்பில் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது வேறு விஷயம். எதிரே வருகிற பிள்ளை குட்மார்னிங் சொல்லாமல் நழுவினால், தெருமுனை தாண்டியிருந்தாலும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பாள். ரம் கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள்கூட அவள் குடை தெரிந்ததுமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். எதற்கு வம்பு?

வீட்டிலேயே வைத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்களும் அவள் பொறுப்பில்தான் வந்தார்கள். அதற்கு அனுமதி வேண்டும். ஆண்டுக்கொரு தரம் அலுவலர் நேரில் போய், பிள்ளையை வாசிக்க வைத்து, கணக்குப் போட வைத்துப் பார்ப்பார். தேறவில்லையென்றால் அனுமதி போய்விடும். பிள்ளை பள்ளிக்கு வந்தாக வேண்டும்.

ஷெராவின் மகள் மகேடா அப்படி வீட்டில் படிக்கிறவள். ராஸ்தா குடும்பம், முடி வெட்டுவது அவர்கள் மதத்தில் கூடாது, பிறந்ததிலிருந்து பெண்ணின் தலையில் கத்தரி பட்டதில்லை. சடையை வெட்டினால்தான் சேர்ப்போம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வெட்ட மாட்டேன் என்று ஷெரா வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அனுமதி போனால் சடையும் போகும். அது மகேடாவுக்கும் தெரியும்.

மிஸ் நோயல் அங்கே போன அன்று காலையிலிருந்தே மழை. ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே பாதை சேறாகக் குழைந்து கிடந்தது. பாதி ஏற்றத்தில் செருப்பின் வார் அறுந்துபோயிற்று. ஒரு கையில் செருப்பும் மறு கையில் குடையுமாக, மனதுக்குள் யாரையோ திட்டிக்கொண்டே வராந்தாவில் ஏறினாள். மேசையருகே மகேடா உட்கார்ந்திருந்தாள். ஷெரா பின்னால் சமையலறையில் சீமைப்பலா வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

“புத்தகத்தை எடு, வாசி பாக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே மிஸ் நோயல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

பெண் அவளைப் பார்த்தாள். புத்தகத்தைத் தொடவில்லை.

சரி, கூட்டல் என்றாள் மிஸ் நோயல். பதில் இல்லை. வாய்ப்பாடு கேட்டாள். பேர் என்ன என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரல் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்த ஷெரா கெஞ்சினாள், அதட்டினாள், நேற்று ராத்திரி சரளமாக வாசித்தாயே என்று அழாத குறையாகக் கேட்டாள். மகேடா மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“வாசிக்கலைன்னா வாசிக்கலைன்னுதான் நான் எழுத முடியும்” என்றாள் மிஸ் நோயல். “திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வந்துரு.”

“முடி, மிஸ்?”

“அதை ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசிக்கோ.”

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அப்படிச் சொன்னது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான், அதில் அவள் செய்வதற்கு என்ன இருக்கிறது?

கீழே ரோட்டில் ஆளேற்றும் வேன் நின்றது. அறுந்த செருப்போடு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பாவாடையில் ஒட்டிய சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தாள். வேன் கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தாள். வேனுக்குள் அத்தனை முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன மிஸ் நோயல்,” என்றாள் பின் இருக்கையில் வாழைக்காய்க் கூடையோடு இருந்த பெண். “நாங்கெல்லாம் உங்க கண்ணுக்கு மூட்டை முடிச்சா தெரியறோமா?”

வேன் முழுக்கச் சிரித்தது. மிஸ் நோயலுக்குக் காது சூடாயிற்று. “குட்மார்னிங்” என்றாள். எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள், கிண்டலாக ராகம் போட்டு. அவளும் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மலை மேல் அந்த வராந்தாவில் ஏறியபோது சொன்னோமா?

“வண்டியை நிறுத்து, டெவன்.”

“இப்பத்தானே ஏறினீங்க, ஆன்ட்டி?” என்றான் டிரைவர்.

“இறங்கறேன்னா நிறுத்தேன்.”

இந்த முறை இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மலை ஏறினாள். வராந்தாவுக்குப் போகவில்லை. படலருகே நின்று, “உள்ளே யாரு, குட்மார்னிங்!” என்று கூப்பிட்டாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து மகேடா வந்தாள். கண் சிவந்திருந்தது. வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

“மத்தியானம் ஆயிடுச்சு, மிஸ். குட் ஆஃப்டர்நூன்.”

“குட் ஆஃப்டர்நூன். காலையில நான் சொல்லலை, இல்ல?”

“இல்ல. வர்றவங்கதான் முதல்ல சொல்லணும். சொல்லாதவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

பின்னால் வந்து நின்ற ஷெரா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அதுக்காக இவங்ககிட்டயுமாடி?”

மகேடா புத்தகத்தைக் கொண்டுவந்து, கேட்காமலேயே பிரித்து வாசித்தாள். ஆமை முட்டையிட வரும் கடற்கரையைப் பற்றிய பாடம், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வந்தன. வகுத்தல் மட்டும் வரவில்லை. மீதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தாள். மிஸ் நோயல் அனுமதியைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டாள். வகுத்தலைப் பார்க்க அடுத்த பருவத்தில் மறுபடி வருவேன் என்றும் அதிலேயே எழுதினாள்.

“வகுத்தல் எனக்கே தகராறு, மிஸ்” என்றாள் ஷெரா.

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து உக்காருங்க.”

ஷெரா தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். மிஸ் நோயலின் காலுக்கு அது பெரியது. பட் பட்டென்று அடித்துக்கொண்டே இறங்கினாள். படல் வரைக்கும் கூடவே வந்த மகேடா, அடுத்த தடவை வரும்போது செருப்பைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நினைவுபடுத்தினாள்.