நான் ஜன்னலைப் பார்த்த இடங்கள்

மலை நகரமான தானா ராத்தாவில் ஈப்போ போகும் பஸ்ஸில் ஏறியபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். காலில் சேறு காயாத ரப்பர் பூட்ஸ், மடியில் லேப்டாப். தேயிலைத் தோட்டங்களுக்கு பூட்ஸ் விற்பவராம். முன்பின் தெரியாத மேனேஜர்களுக்கு ஈமெயில் எழுதித்தான் வியாபாரமாம்.

"அண்ணே, எழுதினத வாசிக்கிறேன், கொஞ்சம் கேளுங்களேன்" என்றார்.

கம்பெனிப் பெருமையில் தொடங்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். உடனே அந்த வரிகளை அழித்தார். தள்ளுபடி வந்தது, மறுபடியும் வெளியே பார்த்தேன். அதுவும் போனது.

"நீங்க எங்க வெளிய பாக்குறீங்களோ, அங்க மேனேஜரும் ஈமெயில மூடிருவாரு லா."

கடைசியில் மூன்று வரிதான் மிஞ்சியது. 'உங்கள் தோட்டத்துப் பெண்கள் பெரிய பூட்ஸுக்குள் துணி திணித்து நடக்கிறார்கள். சின்ன அளவு எங்களிடம் இருக்கிறது. வேண்டாமென்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், மறுபடி தொந்தரவு செய்யமாட்டேன்.'

"துணி வைக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு நாளா மலையில ஏறிப் பாத்தேன்ணே. பாக்காம என்னத்த எழுதுறது?"

அதே மலையில் நான் ஒரு தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. மேனேஜருக்கு வரும் இந்த மாதிரி ஈமெயில்களைப் படிக்காமலே அழிப்பவன். அதை அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகப் பெண்களின் கால்களைப் பார்த்தேன். பூட்ஸ் விளிம்புகளில் துணி தெரிந்தது.

ஆபீசுக்குப் போய், அழித்த ஈமெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பஸ்ஸில் வந்தவருடையதைத் தேடினேன். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.