அப்பாவை வைத்து ஒரு சிரிப்பு நாடகம்

எங்கள் வீட்டு டி.வி.யில் தினமும் ஒரு சிரிப்பு நாடகம் ஓடுகிறது. எவனோ ஒருத்தன் அடுத்தவர் வீட்டுக்குப் போய், எங்கே உட்காருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழிப்பான். உடனே ஒரு கூட்டம் பின்னாலிருந்து கொல்லென்று சிரிக்கும். எங்கள் வீட்டிலும் கூடவே சிரிப்பார்கள். நான் மட்டும் எழுந்து போய்விடுவேன். உனக்குச் சிரிக்கவே தெரியாதாம்மா என்று மகள் கேட்கிறாள். தெரிந்துதான் இருந்தது, தாயே. சிரித்ததற்கு நன்றாக அனுபவித்தும் ஆயிற்று.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். அடையவளஞ்சான் வீதிப் பக்கம் வாடகை வீடு. மாமியார், கணவர், நான், மூன்றே பேர். நான் பிறந்தது வையம்பட்டியில், கடலைக்காட்டுக்கு நடுவில். கணவருக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. அந்த வேலையால் அவரை ஒரு ஈ, காக்காவுக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் வருகிற கால்மணி நேரச் சிரிப்பு நாடகத்தை எழுதுகிறவர் என்றுதான் ஊருக்குத் தெரியும். மலைக்கோட்டைக் கடைவீதியில் நடந்தால் ஜவுளிக்கடைக்காரர்கள் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அப்படி ஒரு பவிசு.

எழுதியதெல்லாம் அக்கம்பக்கத்தாரின் சங்கடம். விருந்தாளியைக் கண்டதும் நல்ல டம்ளரை ஒளித்து வைக்கிற அம்மாள். கோயில் வாசலில் யார் செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வெட்கப்படுகிறவர். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் வாய்தவறி, காபி பிரமாதம் என்று சொல்லிவிட்ட மனிதர். அந்தக் காபிக்காரர் எங்கள் எதிர்வீட்டுக்காரர்தான். நாடகம் வந்த பிறகு, பாவம், அவர் எங்கள் வாசல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அதற்கு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கல்யாணமான அடுத்த வருஷம் அப்பா என்னைப் பார்க்க வந்தார். விடியற்காலையில் பஸ் ஏறி, பச்சைக் கடலை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, பதினோரு மணிக்கு வாசலில் வந்து நின்றார். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டீங்களா என்று கேட்டால், முதல்நாளிலிருந்து பட்டினி கிடந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்வார்கள். கேட்டவர் அதைக் காதில் வாங்கக் கூடாது. கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இலையைப் போட்டுவிட்டு மூன்றாம் தடவை கூப்பிட்டால்தான் உட்காருவார். கேட்டவுடனே சம்மணம் போடுகிறவனைச் சோற்றுக்கு அலைந்தவன் என்பார்கள்.

மாமியார் கேட்டார். வரும்போதே ஆச்சுங்க சம்பந்தி என்றார் அப்பா. நல்லதாப் போச்சு என்று மாமியார் உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. புது மருமகள், மாமியாரை மீறி இலை போட எனக்கு தைரியம் வரவில்லை. அடுக்களையில் வடை வெந்துகொண்டிருந்தது. அப்பா கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்தார். மூன்று மணிக்குப் போயிட்டு வரேம்மா என்று கிளம்பினார். போகிற வழியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் புகுந்து சாப்பிட்டாராம். அந்த வாரமே அம்மா கடுதாசி போட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கம்மா எங்கப்பாவைப் பட்டினி போட்டு அனுப்பிட்டாங்க என்று கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சார்?" என்றார்.

அஞ்சு என்றேன். அப்பப்போ துண்டால வாயைத் துடைச்சாரா என்றார். ஆமாம் என்றேன். மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு நாடகம் வந்தது. கிராமத்துச் சம்பந்தி ஒருத்தர், ஆச்சுங்க ஆச்சுங்க என்று மூக்கால் இழுக்கிறார். வடை வாசனைக்குத் துண்டால் வாயைத் துடைக்கிறார். அஞ்சு டம்ளர் தண்ணீர். கடைசியில் ஹோட்டலில் பதினாறு இட்லி. மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் கையில் கரண்டியோடு நின்றேன். அப்போது எனக்கு ஆறாவது மாதம். வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து என்னை நடுத்தெருவில் நிறுத்திய மாதிரி இருந்தது.

வையம்பட்டியில் பஞ்சாயத்து ரேடியோ ஒன்று உண்டு. ஞாயிறானால் அப்பா அதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம், நம்ம மாப்பிள்ளை எழுதுனது, கேட்டுட்டுப் போங்க என்று கூப்பிடுவார். அன்றைக்கும் கூப்பிட்டிருக்கிறார்.

கணவரிடம் சண்டைக்குப் போனேன். பேரைச் சொன்னேனா, ஊரைச் சொன்னேனா, எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே, நாலு பேர் சிரிச்சா என்ன குறைஞ்சு போச்சு என்றார். அப்பாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். நாடகத்துக்கெல்லாம் யாராவது மன்னிப்புக் கேட்பார்களா என்று சிரித்தார். அப்பா இனி இந்த வீட்டுக்கு வருவாரா என்பது ஒன்றுதான் என் கவலை. ஏழாம் மாதம் வளைகாப்பு. என்னை அழைத்துப்போக அப்பா வர வேண்டும். அம்மாவும் மாமாவும்தான் வந்தார்கள். கடலை பிடுங்குறாங்க, அதான் அப்பா வரலை என்றாள் அம்மா. கடலை பிடுங்கி முடித்து ஒரு மாசமாகியிருந்தது.

பிள்ளை பிறந்தது. பார்க்க என் கணவர் வையம்பட்டிக்கு வந்தார். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அவளை முந்திக்கொண்டு நானே கேட்டேன், சாப்பிட்டீங்களா என்று. முகத்தில் சிரிப்போடு ஆச்சு என்றார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாதா என்ன, நாடகமே எழுதியவராயிற்றே. நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அம்மா பதறினாள். வாயை மூடு என்றேன். அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். மறுபடி கேட்டார், மறுபடி கொடுத்தேன். சிரிப்பு போய்விட்டது. என் மனசு குளுகுளுவென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா காட்டிலிருந்து வந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொல்லைக்குப் போய் இலை அறுத்து வந்து, தானே கழுவிப் போட்டார்.

"வாங்க மாப்பிள்ளை. இலை போட்டாச்சு."

வேண்டாம் மாமா, ஆச்சு என்றார் இவர். அப்பா கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார். சோற்றையும் குழம்பையும் தன் கையாலேயே பரிமாறினார். இவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கொல்லையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். இவருக்குப் போய் ஏன் போட்டீங்க என்றேன். என் வீட்டுக்கு வந்தவரைப் பசியோட அனுப்ப எனக்குத் தெரியாது என்றார். அப்போ என் வீட்டுக்கு எப்பப்பா வருவீங்க என்று கேட்டேன். வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நீ வாம்மா. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நீ வா."

அவ்வளவுதான். சாகிறவரை ஸ்ரீரங்கத்தில் அவர் காலடி படவில்லை. கணவர் அதற்குப் பிறகும் வாராவாரம் எழுதினார், ஊர் சிரித்தது. எழுத உட்காரும்போதெல்லாம் நான் பக்கத்தில் போய், வையம்பட்டியில எங்கப்பா இலை போட்டதை எழுதுங்களேன், ஜனங்க நல்லாச் சிரிப்பாங்க என்பேன். பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். கடைசிவரை எழுதவில்லை.